மறுபத்தியம்

புதுவாயல்,
11-11-1973

அன்புள்ள ரத்னாவுக்கு தேசப்பன் எழுதுவது.

நீயும் குணாவும் பெரியபாளையம் போய்ப் பத்து நாள் ஆகிறது. ஒரு வரி இல்லை. பஸ் ஏறினால் ஒரு மணி நேரம் ஆகாது, ஆனால் நான் வரக்கூடாதாம். மருந்து சாப்பிடுகிற ஒரு மண்டலமும் புருஷன் வாசலை மிதிக்கக்கூடாது என்று வைத்தியர் பரசுராமன் சொன்னதாக உன் அம்மா என் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். தட்டில் உப்பு கூடாது, புளி கூடாது, பக்கத்தில் புருஷன் கூடாது. மூன்றையும் ஒரே மூச்சில் சொன்னாரே, அதுதான் எனக்கு ஆறவில்லை.

சரி, உன் உடம்பு தேறினால் போதும். குணாவுக்குப் பிறகு மூன்று பிள்ளைகளை மண்ணில் வைத்துவிட்டோம். போன ஆவணியில் மூன்றாவதாகப் பிறந்த பையனையும் கொடுத்துவிட்டு நீ சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்ததை நினைத்தால் இப்போதும் சோறு இறங்கவில்லை. உன் கண் இமையை இழுத்துப் பார்த்து, ரத்தமே இல்லை, இரும்புச் சத்து அத்தனையும் போய்விட்டது என்று வைத்தியர் சொன்னார். நாங்கள் மில்லில் தினமும் லாரி லாரியாகப் பழைய இரும்பைக் காய்ச்சிக் கம்பி இழுக்கிறோம். என் பெண்டாட்டி உடம்பில் ஒரு சிட்டிகை இரும்பு இல்லையாம். ஃபோர்மேனிடம் சொன்னேன், சிரிக்கிறார்.

இங்கே உன் மாமியார் செங்கம்மாள் மகாராணிதான் சமையல். காலை நாஷ்டா பழையது, ராத்திரியும் பழையது. வாயைத் திறந்தால் ஒரே பேச்சு. "மருந்து முடிஞ்ச கையோட கூட்டிக்கினு வந்துடு. அடுத்த ஆடிக்குள்ள ஒரு பேரன் தங்கிட்டான்னா நான் பவானியம்மனுக்கு வேப்பஞ்சேலை கட்டிக்கினு கோயிலை சுத்தி வர்றேன்" என்று வேண்டிக்கொண்டிருக்கிறாள். இந்த வயதில் வேப்பிலை உடுத்திக்கொண்டு சுற்றுவாளாம். அவள் ஆசை அவளுக்கு. எனக்கும் இல்லையென்று சொல்ல மாட்டேன்.

பொங்கலுக்கு நீ இங்கே இருக்க வேண்டும். குணா நைனாவைக் கேட்கிறாளா, எழுது.

உன்
தேசப்பன்


பெரியபாளையம்,
20-11-1973

மாமாவுக்கு ரத்னா வணங்கி எழுதியது. நானும் குணாவும் சுகம். உங்கள் சுகத்துக்கும் அத்தை சுகத்துக்கும் அம்மனைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

எழுதவில்லை என்று கோபிக்க வேண்டாம். முதல் வாரம் பேனா பிடிக்கவே தெம்பில்லை. இப்போது பரவாயில்லை. குணா உங்களைக் கேட்கிறாள். உப்பில்லாத சோற்றை ஒரு வாய் தின்றுவிட்டு, "நைனாகிட்ட சொல்லி இந்த ஊட்டுக்கு உப்பு வாங்கியாரச் சொல்லு" என்றாள். அம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

மருந்து என்னவென்று அத்தை கேட்டிருந்தார்கள் அல்லவா? அன்னபேதிச் செந்தூரம். அன்னபேதி என்பது பச்சையாகக் கற்கண்டு மாதிரி இருக்கிற உப்புக்கல், நாட்டுமருந்துக் கடையில் கிடைக்கும். இரும்பிலிருந்து வருவதாம். துணிக்குச் சாயமேற்றுகிறவர்கள் வாங்கிப் போவார்கள். அப்படியே வாயில் போட்டால் குடல் புண்ணாகிவிடும். அதைச் சுத்தி செய்து, எலுமிச்சம்பழச் சாறு விட்டுக் கல்வம் என்கிற மருந்துக் கல்லில் நாள் கணக்கில் அரைக்கிறார்கள். சாற்றுக்குப் பழம் என் அம்மா கொடுப்பதுதான்; கோயில் வாசலில் வேப்பிலையும் எலுமிச்சையும் விற்கிறவளுக்கு வைத்தியர் வீடு நல்ல கிராக்கி. அரைத்ததை வில்லை தட்டிக் காயவைத்து, இரண்டு அகலுக்கு நடுவில் வைத்து, மண் பூசிய துணியால் வாயைச் சுற்றி அடைத்து, வரட்டி அடுக்கி நெருப்பு வைக்கிறார்கள். ஆறிய பிறகு திறந்தால் உள்ளே பச்சை போய்ச் செக்கச்செவேலென்று பொடி. அதில் ஓர் அரிசி எடை, தேனில் குழைத்து இரண்டு வேளை.

முதல் முறை நான் பார்த்துக்கொண்டிருந்தபோது, இன்னும் சூடாக இருக்கிறதே, திறந்து பார்த்தால் என்ன என்று கேட்டேன். வைத்தியர் சம்சாரம் லட்சுமியம்மாள் கையைத் தட்டிவிட்டார்கள். தானாக ஆறாமல் திறந்தால் கெட்டுவிடுமாம்.

நீங்கள் வரக்கூடாது என்பதில் எனக்கும் வருத்தம்தான். ஆனால் வைத்தியர் பேச்சு. பத்தியம் முறிந்தால் மருந்தே விஷமாகும் என்கிறார். அத்தைக்கு ராத்திரி பழையது ஒத்துக்கொள்ளாது, இருமுவார்கள். கொஞ்சம் ரசம் வைக்கச் சொல்லுங்கள்.

ரத்னா


புதுவாயல்,
17-12-1973

அன்புள்ள ரத்னாவுக்கு,

நேற்று நான் பெரியபாளையம் வந்தேன். பயப்படாதே, வாசலை மிதிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை, அம்மன் கோயிலுக்கு வர யாருடைய உத்தரவும் வேண்டாமே. உன் அம்மா கடைக்கு எதிரே வளையல் கடையில் நின்றுகொண்டிருந்தேன். நீ இடுப்பில் குடத்தோடு வந்தாய். நிற்காமல், மூச்சு வாங்காமல், குடத்தை இறக்கி வைத்துவிட்டு யாரிடமோ என்னவோ சொல்லிச் சிரித்தாய். நான் ஓடி வந்து பேசியிருப்பேன். பத்தியம் கெட்டுவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். கண்ணால் பார்த்தால்கூடக் கெடுமா என்று வைத்தியரைக் கேட்டுச் சொல்.

குணாவுக்கு வளையல் வாங்கிக் கடைக்காரரிடமே கொடுத்து அனுப்பினேன். கிடைத்திருக்கும்.

நீ சிரித்து எத்தனை நாள் ஆனது என்று பஸ்ஸில் வரும்போது யோசித்துக்கொண்டே வந்தேன். அந்த மருந்துக்குக் கோயில் கட்டலாம்.

இந்த மார்கழியில் மண்டலம் முடிகிறது. சுண்ணாம்பு அடித்துவிட்டேன். போகிக்கு முன்னால் வந்து கூட்டிப்போகிறேன்.

தேசப்பன்


பெரியபாளையம்,
2-1-1974

மாமாவுக்கு ரத்னா வணக்கம்.

வளையல் வந்தது. குணா தூங்கும்போதும் கழற்றுவதில்லை. நீங்கள் எதிர்க்கடையில் நின்றது அன்றைக்கே தெரியும். வளையல்காரர் சொல்லாவிட்டாலும், மில் சட்டையைப் போட்டுக்கொண்டு கோயிலுக்கு வருகிறவர் இந்த ஊரில் எத்தனை பேர்?

மருந்து முடிந்துவிட்டது. ஆனால் போகிக்கு வர வேண்டாம். மருந்து எத்தனை நாளோ அத்தனை நாள் மறுபத்தியம் இருக்க வேண்டுமாம். வைத்தியர் முதலிலேயே சொன்னார், எனக்குத்தான் உங்களுக்கு எழுத மனம் வரவில்லை. தை கடைசி வரைக்கும் போகும். பொங்கலன்று இங்கே நான் உப்பில்லாமல்தான் தின்பேன். அத்தையிடம் நீங்கள் பக்குவமாகச் சொல்லுங்கள்.

உடம்பு நன்றாக இருக்கிறது, பொய் சொல்லவில்லை. நகம் சிவந்துவிட்டது. லட்சுமியம்மாளுக்குத் தோள்பட்டை வலி, அதனால் இப்போது கல்வத்தில் நான்தான் அரைக்கிறேன். கூலி தருகிறார்கள். வேலை சும்மா இல்லை, கை ஓயாமல் ஒரே பக்கமாகத் தள்ள வேண்டும். ஆனால் அரைத்து முடித்துவிட்டு வீட்டுக்கு வந்து படுத்தால் அடித்துப் போட்ட மாதிரி தூங்குகிறேன்.

அத்தை வேண்டுதலைப் பற்றி எழுதியிருந்தீர்கள். பார்க்கலாம்.

ரத்னா


புதுவாயல்,
24-2-1974

ரத்னாவுக்கு,

தை போய் மாசியும் வந்துவிட்டது. வீட்டுக்கு வருகிற தேதியை எழுது என்று போன வாரம் கேட்டிருந்தேன். பதில் இல்லை. அம்மா தினமும் பஸ் வந்து நிற்கிற நேரத்துக்கு வாசலுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறாள். அக்கம்பக்கத்தில் கேட்கிறார்கள். இன்னும் எத்தனை நாள் மருந்து மருந்து என்று சொல்வது? எனக்கே பேஜாராகிவிட்டது.

ராத்திரி ஷிப்டு முடித்துவிட்டு வந்தால் வீடு வீடாக இல்லை. குணா குரல் இல்லாமல் என்னால் பகலில் தூங்க முடிகிறது, அதுதான் பெரிய கஷ்டம். நீ வா. வேறு ஒன்றும் வேண்டாம்.

தேசப்பன்


பெரியபாளையம்,
8-3-1974

மாமாவுக்கு வணக்கம். எல்லாரும் சுகம். உடம்பில் இன்னும் கொஞ்சம் குறை இருப்பதாக வைத்தியர் சொல்கிறார். இரண்டாவது மண்டலம் சாப்பிட வேண்டும். வெயில் நாளில் செந்தூரம் சூடு, ஆகாது. ஆடி கழித்துத்தான் தொடங்க முடியும். அதுவரை பத்தியத்திலேயே இருக்கச் சொல்கிறார். குணாவைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கிற வயது ஆகிவிட்டது, இங்கேயே சேர்க்கலாமா? அத்தைக்கு நமஸ்காரம்.

ரத்னா


புதுவாயல்,
19-5-1974

ரத்னாவுக்கு,

புருஷனுக்குத் தபால் கார்டில் எழுதுகிறாய். தபால்காரன் முதல் டீக்கடைக்காரன் வரை படித்துவிட்டுத்தான் என் கைக்கு வந்தது. அதைக்கூட விட்டுவிட்டேன். ஆனால் இதை விட முடியாது.

நேற்று ஷிப்டு முடிந்து வரும்போது புதுவாயல் கூட்ரோட்டில் வைத்தியர் பரசுராமன் கும்மிடிப்பூண்டி பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தார். கும்பிட்டேன். அடுத்த மண்டலம் எப்போது ஆரம்பம் என்று கேட்டேன். மனிதர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இன்னாப்பா, எந்த மண்டலம்? மருந்து மார்கழியில முடிஞ்சிது, மறுபத்தியம் தையோட முடிஞ்சிது. அந்தப் பொண்ணு மாசியில இருந்து உப்பு போட்டுத்தான் துன்னுக்கினு கீது. நீதான் வேலைத் தொந்தரவுல கூட்டிக்கினு போக வரலைன்னு சொல்லிச்சே" என்றார்.

நடுரோட்டில் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. ஆமாம், வேலைத் தொந்தரவுதான் என்று நானும் சொல்லிவிட்டு வந்தேன். உன் பொய்யை நான் காப்பாற்றிக் கொடுத்தேன், தெரிந்துகொள்.

ஏன் ரத்னா? நான் குடிக்கிறேனா? கை நீட்டினேனா? அம்மா உன்னை ஏதாவது சொன்னாளா? எதுவாக இருந்தாலும் நேரே சொல்லியிருக்கலாம். பத்தியத்தைக் காட்டி என்னை ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் நிற்க வைத்தாய். நானும் முட்டாள் மாதிரி நின்றேன்.

அம்மா செவ்வாப்பேட்டையில் ஒரு பெண்ணைப் பார்த்து வைத்திருக்கிறாள். "அவ வரப்போறதில்ல, எனக்கு பேரன் வேணும்" என்கிறாள். நான் இன்னும் ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. ஆடிக்கு முன்னால் வா. இல்லாவிட்டால் வராததற்குக் காரணத்தை எழுது. வைத்தியர் பெயரை இழுக்காமல் எழுது.

தேசப்பன்


பெரியபாளையம்,
2-6-1974

மாமாவுக்கு,

வைத்தியர் சொன்னது நிஜம். மாசியிலிருந்து நான் சொன்னதெல்லாம் பொய். நீங்கள் ரோட்டில் அவமானப்பட்டதைப் படித்து எனக்கு அன்றைக்கு முழுக்க வேலை ஓடவில்லை. காரணம் கேட்டீர்கள். எழுதிவிடுகிறேன், படித்த பிறகு என்ன வேண்டுமானாலும் முடிவு செய்யுங்கள்.

உப்பில்லாத சோறு என்றால் எல்லாரும் என்னைப் பார்த்து உச்சுக் கொட்டினார்கள். எனக்கு அது இனித்தது. விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தால் விடிகிற வரைக்கும் என் உடம்பு என்னுடையது. கல்யாணமானதிலிருந்து நான் அப்படித் தூங்கியதே கிடையாது. இதை எழுதக் கை கூசுகிறது, ஆனால் அதுதான் உண்மை.

இரண்டாவது பிள்ளை போனபோது திருவள்ளூர் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா உங்களைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னது நினைவிருக்கிறதா? கதவு திறந்துதான் இருந்தது, கட்டிலில் எனக்கும் கேட்டது. இன்னொன்று சுமந்தால் தாய் தங்குவது சந்தேகம் என்றார்கள். நீங்கள் தலையாட்டினீர்கள். வருஷம் திரும்புவதற்குள் மூன்றாவது. நீங்கள் கெட்டவர் இல்லை மாமா. என்மேல் உயிரையே வைத்திருக்கிறீர்கள், அது எனக்குத் தெரியாதா? ஆனால் அந்த ஆசையோடு நீங்கள் பக்கத்தில் வரும்போதெல்லாம், இந்தத் தடவை நான் போய்விடுவேன், குணா தனியாக நிற்பாள் என்றுதான் எனக்குத் தோன்றும்.

வேண்டாம் என்று ஏன் வாய்விட்டுச் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். பெண்டாட்டி வேண்டாம் என்றால் ஊரே ஏன் என்று கேட்கும். வைத்தியர் வேண்டாம் என்றால் ஒருவரும் கேட்பதில்லை. நீங்கள்கூடக் கேட்கவில்லையே, எதிர்க்கடையில் நின்றுவிட்டுப் போனீர்கள். அந்த மரியாதையை என் வார்த்தைக்குக் கொடுத்திருப்பீர்களா? தெரியாமல்தான் மருந்தின் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

மருந்து எனக்கு ரத்தத்தைக் கொடுத்தது. அதை மறுபடியும் தரையில் கொட்ட நான் வரமாட்டேன். அது குணா வளர்கிறவரைக்கும் எனக்கு வேண்டும்.

செவ்வாப்பேட்டைப் பெண்ணைக் கட்டிக்கொள்வதானால் கட்டிக்கொள்ளுங்கள். நான் பஞ்சாயத்துக்கு வரமாட்டேன், அழுது ஊரைக் கூட்ட மாட்டேன். அத்தை ஆசையும் நியாயமான ஆசைதான். குணாவை மட்டும் என்னிடம் விட்டுவிடுங்கள். அவளைப் பார்க்க நீங்கள் எப்போது வேண்டுமானாலும் வரலாம். எதிர்ப்பக்கத்தில் நிற்க வேண்டாம், வீட்டுக்குள்ளேயே வரலாம்.

ரத்னா


புதுவாயல்,
18-8-1974

ரத்னா,

உன் கடிதத்துக்கு இரண்டு மாதத்துக்கு மேல் பதில் போடவில்லை. கோபம்தான். இவள் என்னை மிருகம் என்று எழுதிவிட்டாளே என்று முதலில் குதித்தேன். அப்புறம் மறுபடியும் படித்தேன். நீ அப்படி எழுதவில்லை. எழுதியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும், பதிலுக்கு நாலு திட்டிவிட்டுப் போயிருப்பேன்.

டாக்டரம்மா சொன்னது நினைவிருக்கிறது. ஒருவேளை நம் விஷயத்தில் அப்படி நடக்காது என்று நினைத்துக்கொண்டேன். வேறென்ன சொல்ல?

எங்கள் மில்லில் சின்னராசு என்று ஒருவர், இரண்டு குழந்தைகளோடு போதும் என்று குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டவர். எல்லாரும் அவரைக் கிண்டல் செய்வோம், நானும்தான். ஒரு நாள் டீக்கடையில் அவரைத் தனியாக உட்காரவைத்து வலிக்குமா என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. ஆடி மாதம் கும்மிடிப்பூண்டியில் கேம்ப் போட்டார்கள். போனேன். வாசல்வரைக்கும் போய் இரண்டு தரம் திரும்பி வந்தேன். மூன்றாவது தரம் உள்ளே போய்விட்டேன். கால் மணி நேரம்கூட ஆகவில்லை. நாலு நாள் வீட்டில் படுத்திருந்தேன், இப்போது வேலைக்குப் போகிறேன்.

அம்மாவிடம் சொல்லாமல் இருக்கத்தான் நினைத்தேன். இந்த ஊரில் எது மறையும்? தெரிந்ததும் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள். "எனக்கு நீ கொள்ளி போட்டுடுவ. உனக்கு எவன்டா போடுவான்?" என்று கேட்டாள். அதற்குப் பிறகு என்னோடு பேசுவதில்லை. சோற்றைப் போட்டு வைத்துவிட்டு, கேட்கிற தூரத்தில் சுவரைப் பார்த்து என்னைத் திட்டுகிறாள். விடிந்தால் அதுதான் சுப்ரபாதம். மில்லில் கேட்கவே வேண்டாம், கேம்ப்பில் கொடுத்த பணத்துக்காகப் போனேன் என்கிறார்கள். செவ்வாப்பேட்டைக்காரர்களிடம் நானே போய் விஷயத்தைச் சொல்லி, மன்னிக்கச் சொல்லிவிட்டு வந்தேன்.

உன்னைக் கூட்டிப்போக வருகிறேன் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் டாக்டர் ஒன்று சொல்லியிருக்கிறார். ஆபரேஷன் ஆனாலும் மூன்று மாதத்துக்கு நம்ப முடியாதாம். அதற்குப் பிறகு பரிசோதனை செய்து பார்த்துவிட்டுத்தான் சொல்வாராம். அதனால் நீ இப்போது வராதே. பொங்கலுக்கு வா, மாசிக்கு வா என்று உயிரை எடுத்தவன்தான் சொல்கிறேன், தீபாவளி வரைக்கும் வராதே. பரிசோதனையில் நல்ல பதில் வந்தால் எழுதுகிறேன். அப்போதும் வருவதும் வராததும் உன் இஷ்டம். வேண்டாம் என்று நீ எழுதினால் வேண்டாம்தான், நான் யாரையும் கேட்க மாட்டேன்.

குணா பள்ளிக்கூடம் போகிறாளா? அழுகிறாளா?

தேசப்பன்


பெரியபாளையம்,
24-8-1974

மாமாவுக்கு ரத்னா எழுதியது.

உங்கள் கடிதம் வந்த அன்று கல்வத்தை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்கு வந்து அழுதேன். சந்தோஷத்தில் அழுதேன் என்று நினைத்துவிடாதீர்கள். இனிமேல் நமக்கு ஒரு பையன் இல்லை என்று அழுதேன். வேண்டாம் என்றவளும் நான்தான், அழுதவளும் நான்தான். அம்மா என்னவென்று கேட்டாள். சொன்னேன். "அந்த மனுசனுக்கு சோறு யாரு போடறாங்க?" என்று மட்டும் கேட்டாள்.

குணா பள்ளிக்கூடம் போகிறாள். முதல் இரண்டு நாள் அழுதாள். இப்போது வாத்தியார் அழுகிறார்.

நான் வருகிற வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். தீபாவளி வரைக்கும் வராதே என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு மூன்று மாதத்தை ஒரே வீட்டில் இருந்துகொண்டே கழிக்க முடியாதா? நான் கூடத்தில் அத்தை பக்கத்தில் படுத்துக்கொள்கிறேன், நீங்கள் உள்ளே படுங்கள். வராதே என்று நீங்கள் எழுதியதைப் படித்த பிறகு எனக்கு அந்த வீட்டில் பயமில்லை. பரிசோதனைக்குப் போகிற அன்று நானும் கூட வருகிறேன். குணாவுக்கு அங்கே பள்ளிக்கூடத்தில் இடம் உண்டா என்று மட்டும் கேட்டு வையுங்கள்.

ஒரே ஒரு விஷயம். நான் வருவதை அத்தையிடம் சொல்ல வேண்டாம். வெள்ளிக்கிழமை உங்களுக்குக் காலை ஷிப்டுதானே, நீங்கள் போய்விடுங்கள். நானே கதவைத் தட்டுகிறேன், அவர்களே திறக்கட்டும். நீங்கள் செய்தது என்னால்தான் என்று அவர்களிடம் நானே சொல்கிறேன். எத்தனை நாள் நீங்கள் ஒருவராகவே அந்தத் திட்டை வாங்கிக்கொண்டிருப்பீர்கள்? சாயங்காலம் நீங்கள் வருவதற்குள் என் பங்கை நான் வாங்கி முடித்திருப்பேன்.

ரத்னா